எட்டுச் சைக்கிளில் இருந்து ஒரு சைக்கிள்

(நம் சங்கத்தின் கார்த்திகை மாதப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மழையிலும் பனியிலும் சைக்கிளைப் பார்த்துக்கொள்வது பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். போன வருடம் பொருளாளர் என்ற முறையில் நான் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்ல வேண்டும். சைக்கிள் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தவறினால் கற்றுக்கொண்டதுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர். அது வடிந்த பிறகு சுவரோரம் ஒன்பது சைக்கிள் சேறும் துருவுமாகக் கிடந்தன. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு முறை அறிவிப்புப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. பழைய இரும்புக் கடை வண்டியை வரவழைத்து எடைக்குப் போட்டேன். 131 கிலோ, கிலோ 25 ரூபாய், மொத்தம் 3,275 ரூபாய். 'இதர வரவு' என்று கணக்கில் எழுதி, ரசீதையும் ஒட்டி வைத்தேன். கணக்கு சரியாக இருந்தது. செய்ததுதான் சரியில்லை.

மறுநாள் காலையில் நம் பி பிளாக்கைக் கூட்டித் துடைக்கும் அம்மா என்னிடம் வந்தார். "சார், இங்க ஒரு சைக்கிள் இருந்துச்சே. அது பையனுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்தது சார். பஞ்சர்னு புயலுக்கு முந்தின நாள் இங்க விட்டுட்டுப் போனேன்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் நம் வாட்ஸ்அப் குழுவில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அரசு கொடுக்கும் இந்த விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. பதினோராம் வகுப்பில் ஒரு முறைதான் கிடைக்கும். தொலைத்தால் இன்னொன்று கிடையாது. நான் அதை எடைக்குப் போட்டுவிட்டேன்.

அன்றே இரும்புக் கடைக்கு ஓடினேன். ஒன்பதும் இன்னும் உடைபடவில்லை. 4,000 ரூபாய் கேட்டார், என் கையில் இருந்து கொடுத்தேன். ஆனால் வண்டியில் தூக்கிப் போட்டதில் பையனின் சைக்கிளுக்கு முன் போர்க் வளைந்து, முன் சக்கரம் எட்டுப் போட்ட மாதிரி ஆகியிருந்தது. ஒன்பதையும் ஒரு டாட்டா ஏஸில் ஏற்றி, ஈசிஆரில் நம் திருப்பத்தைத் தாண்டி இருக்கும் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அப்பாவிடம் தொழில் கற்றவர், ஐம்பது வயது இருக்கும்.

அடுத்த எட்டு நாளும் அந்தக் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். பையனின் சைக்கிள் முடியும்வரை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடியற்காலையில் மீன் பெட்டி கட்டிய கேரியரோடு காற்று அடிக்க வருவார்கள். எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள், செயின் கழன்றது, பெடல் ஆடுகிறது என்று. அதன் பிறகு மரக்காணம் உப்பளத்துக்காரர்கள். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்காகத்தான் அரசு அவர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஆகவே கடைக்காரரிடம் ஒரு கடன் நோட்டு உண்டு. வங்கிக்காரன் என்பதால் வாங்கிப் பார்த்தேன். பெயர், வேலை, தொகை. வட்டிக்குக் கட்டமே இல்லை. "வராக்கடன் எவ்வளவு தம்பி?" என்றேன். சிரித்தார். "உப்பு வார ஆரம்பிச்சா காசு வந்துரும் சார்" என்றார்.

மீதி எட்டுச் சைக்கிளையும் வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று எனக்குக் காட்டினார். நாங்கள் வங்கியில் செய்யும் தணிக்கை மாதிரியே இருந்தது. அதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் காரணம் நம் காற்று. கிழக்கே கடல், பக்கத்தில் உப்பளம். வண்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது அதனால்தான். அதே கசிவு சைக்கிளின் மேலும் நடக்கிறது. வண்டி மழையில் நனையாவிட்டாலும் துருப்பிடிக்கும். ஆகவே வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசித் துடைப்புக்கு நல்ல தண்ணீர். கார் கழுவும் குழாயைச் சக்கரத்தின் நடுவில் பீய்ச்சாதீர்கள், தண்ணீர் உள்ளே போய்விடும். பிளாஸ்டிக் கவரை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். உள்ளே வேர்த்து இன்னும் மோசமாகும். பழைய வேட்டியே போதும்.

இரண்டாவது, செயின். மூன்று சைக்கிளின் செயின் கம்பி மாதிரி விறைத்திருந்தது. ஒன்றில் தேங்காய் எண்ணெய் பிசினாகக் காய்ந்திருந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் குளியலறைப் பாட்டிலில் பார்க்கிறோமே, அதேதான். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் செயினைத் துடைத்து, காய விட்டு, தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விடுங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கண்ணிக்கு உள்ளே இருந்தால் போதும். வெளியே இருப்பது மணலைத்தான் சேர்க்கும்.

மூன்றாவது, டயர். நான்கு சைக்கிளின் டயர் ஓட்டாமலேயே வெடித்திருந்தது. காற்று இல்லாமல் மாதக்கணக்கில் நின்றால் ரிம்மின் பாரம் டயர் மடிப்பில் இறங்கி விரிசல் விடும். ஓட்டாவிட்டாலும் பதினைந்து நாளைக்கு ஒரு முறை காற்று அடியுங்கள். எவ்வளவு என்பது டயரின் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

நான்காவது, புயல் தண்ணீர். சக்கரத்தின் நடுவிலும் பெடல் அச்சிலும் பால்ஸும் கிரீஸும் இருக்கின்றன. அங்கே தண்ணீர் போனால் வெளியே எதுவும் தெரியாது. ஒரு மாதத்தில் பால்ஸ் துருப்பிடித்துக் கரகரவென்று சத்தம் வரும். தண்ணீரில் மூழ்கிய சைக்கிளை அந்த வாரமே கடையில் கழற்றி ஓவராயில் செய்துவிட வேண்டும். அதைவிட, புயல் எச்சரிக்கை வந்ததும் சைக்கிளை மாடிப்படி வராந்தாவுக்கு ஏற்றிவிடுவது மேல். அன்று மட்டும் சங்கம் ஆட்சேபிக்காது.

ஐந்தாவது, பிரேக். ரிம் நனைந்திருந்தால் பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் ஆகும். மழையில் கொஞ்சம் முன்கூட்டியே மெதுவாகப் பிடித்து, ரிம்மின் ஈரத்தைத் துடைத்த பிறகு அழுத்திப் பிடியுங்கள். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். ரிம்மில் எண்ணெய் பட்டால் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.

எட்டில் ஐந்துக்குப் பெரிய பழுதே இல்லை என்றார் கடைக்காரர். "இதெல்லாம் ஓட்டித் தேஞ்ச வண்டி இல்ல சார். நின்னு கெட்ட வண்டி." காமர்ஸ் பாடத்தில் தேய்மானம் என்றால் பயன்படுத்துவதால் குறைவது என்று படித்தேன். இந்தக் கடற்கரையில் பயன்படுத்தாமல் விட்டால்தான் அதிகம் குறைகிறது.

அந்த எட்டில் ஒன்றிலிருந்து போர்க், ஒன்றிலிருந்து முன் சக்கரம், இன்னொன்றிலிருந்து பிரேக் என்று எடுத்துப் பூட்டி, பையனின் சைக்கிளை நிறுத்திக் கொடுத்தார். கூலியைத் தவிர எதுவும் வாங்கவில்லை. எட்டு நாளும் அந்தப் பையன் பள்ளிக்கு நடந்தான். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சைக்கிள் ஓடுகிறது. ஆனால் முன் சக்கரத்தின் நிறம் மட்டும் வேறு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரசீது ஒட்டியது நினைவுக்கு வருகிறது.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அதே அம்மா காலை ஐந்தரைக்கு வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறார். இரவுக் காவலரும் பால்காரரும் அப்படித்தான். மார்கழியில் அந்த நேரம் இருட்டு, அதோடு பனி. சுங்கச்சாவடியைத் தாண்டி வேகம் எடுக்கும் வண்டிகளுக்கு இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். என் சிறு வயதில் டைனமோ விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். இப்போது கேட்க ஆள் இல்லை. நம் வாசலில் நிற்கும் பணியாளர்களின் ஏழு சைக்கிளைப் பார்த்தேன். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருப்பது இரண்டில்தான். முன் விளக்கு ஒன்றில்கூட இல்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: மார்கழி முதல் ஞாயிறு காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை கடைக்காரர் நம் பார்க்கிங்குக்கு வருகிறார். உங்கள் சைக்கிளை இறக்கி வையுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் வேண்டாம்.

இரண்டு: அன்றே பணியாளர்களின் ஏழு சைக்கிளுக்கும் பிரேக் கட்டை, முன் விளக்கு, பின் ரிஃப்ளெக்டர் போட வேண்டும். செலவைச் சங்கக் கணக்கில் எழுத உங்கள் ஒப்புதல் தேவை. இதை இதரச் செலவில் எழுத மாட்டேன். தனித் தலைப்பில் எழுதுவேன்.

மூன்று: இனி எந்தச் சைக்கிளையும் எடைக்குப் போடும் முன் அறுபது நாள் சிவப்புத் துணி கட்டி வைப்போம். வாட்ஸ்அப்பில் இல்லாதவர்களிடம் நேரில் கேட்போம். கேட்கும் பொறுப்பு என்னுடையது.

கைதூக்கி ஒப்புதல் கொடுங்கள்.

(மூன்று கோரிக்கைகளும் ஒருமனதாக ஏற்கப்பட்டன. பெயர் கொடுக்க விரும்புவோர் வாசலில் காவலரிடம் உள்ள நோட்டில் எழுதவும்.)