விழுங்கும் காமிரா

தாணேயிலிருந்து கல்யாண் நோக்கி விரையும் இரயில் வண்டிகளில் பயணம் செய்தவர்கள், பார்சிக் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தை அறிவார்கள். 1916-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அச்சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர். அதன் இரு வாயில்களிலும் ஆளுக்கொரு கைவிளக்குடன் இருவர் நின்று உள்ளே நோக்கினால், வாயிலை அடுத்த சிறு தொலைவே அவர்கள் கண்ணுக்குப் புலப்படும். நடுவே சுவரில் நீர் கசிந்தால் அஃது இருவருக்கும் தெரியாது. மனித உடலிலும் இத்தகைய சுரங்கம் ஒன்று உண்டு. அதுவே சிறுகுடல்.

வாய்வழியே செலுத்தும் உள்நோக்குக் குழாய், உணவுக்குழாயையும் இரைப்பையையும் கடந்து, சிறுகுடலின் தொடக்கத்தைக் காட்டும். ஆசனவாய் வழியே செலுத்தும் குழாய், பெருங்குடல் முழுவதையும், சிறுகுடலின் கடைக்கோடியையும் காட்டும். இடைப்பட்ட பகுதியோ மீட்டர்க் கணக்கில் நீண்டு, சுருண்டு மடிந்து வயிற்றினுள் அடங்கியிருக்கிறது. அங்கே இரத்தம் கசிந்தால் அதனைக் கண்டறிவது எவ்வாறு? அதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

பார்சிக் மலைக்கும் தாணே கடற்கழிக்கும் இடையே கிடக்கும் ஊர்களுள் ஒன்று கோபர்கைரனே. விளக்கத்தின் பொருட்டு, அவ்வூரில் வாழும் பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வயது 62. இளமையில் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர். பிறகு தாணே-பேலாப்பூர் சாலையிலுள்ள தொழிற்சாலையொன்றில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களாக, இரயில் நிலையத்துப் படிகளில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்திருக்கிறது. "வயதாகிவிட்டதம்மா, வேறொன்றுமில்லை" என்று மகளிடம் சொல்லித் தட்டிக் கழிக்கிறார். மகள் விடவில்லை. இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்கையில் ஹீமோகுளோபின் அளவு 7 கிராம் என்று தெரிகிறது. ஆண்களுக்கு இவ்வளவு 13-க்குக் கீழே இறங்கினாலே அது சோகை. இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். அளவு 10-க்கு உயர்கிறது. மாத்திரையை நிறுத்தியதும் மீண்டும் இறங்குகிறது.

இரும்பு எங்கே போகிறது? இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு அடங்கியுள்ளது. நாள்தோறும் உணவிலிருந்து நம் உடல் ஏற்றுக்கொள்ளும் இரும்போ, 1 முதல் 2 மில்லிகிராம் வரைதான். குடலில் நாளொன்றுக்கு 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி இரத்தம் கசிந்தால், 5 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. வரவு இரண்டு, செலவு ஐந்து. இக்குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? இவ்வளவு சிறிய கசிவு மலத்தில் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. வயிற்றில் வலியும் தோன்றுவதில்லை. உடல் மட்டும் சிறிது சிறிதாக வெளிறிக்கொண்டே போகிறது.

நம் பெரியவருக்கு வாய்வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் குழாய்ப் பரிசோதனை நடைபெறுகிறது. இரண்டிலும் குறை எதுவும் காணவில்லை. "ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று வீட்டார் மகிழ்கின்றனர். அன்பர்களே, அபாயம் ஒளிந்திருப்பது இந்த மகிழ்ச்சியில்தான். இரு வாயில்களிலும் நின்று பார்த்தவர்கள் கசிவைக் காணவில்லை என்பதற்குச் சுரங்கத்திலேயே கசிவில்லை என்று பொருளாகாது. உணவுப் பாதையில் நேரும் இரத்தப்போக்குகளில் நூற்றுக்கு ஐந்தளவு சிறுகுடலில் தோன்றுகின்றன என்பது மருத்துவ நூல்களின் கணிப்பு.

அந்த இருண்ட பகுதிக்குள் கண்ணைச் செலுத்தும் முயற்சிக்கு, நாம் இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் வானொலியே வழிகாட்டியது என்றால் வியப்பாக இருக்கும். 1957-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் மக்கே, ஜேகப்ஸன் என்னும் இருவர், விழுங்கத்தக்க சிறு ஒலிபரப்பி ஒன்றைப் பற்றி எழுதினர். அது குடலினுள் இருந்தபடியே அங்குள்ள அழுத்தத்தையும் வெப்பத்தையும் வானொலி அலைகளால் வெளியே தெரிவித்தது. ஆயினும் அதற்குக் கண் இல்லை.

கண் அளித்தவர் இஸ்ரேல் நாட்டுப் பொறியியலாளர் கவ்ரியேல் இத்தான். பகைவரின் இலக்கை நாடிப் பறக்கும் ஏவுகணைகளுக்குக் காட்சிக் கருவிகளை அமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. அந்த அறிவை நோயாளியின் குடலுக்குள் திருப்பினார் அவர். இலண்டன் மருத்துவர் பால் ஸ்வெயினும் இதே நோக்கத்துடன் தனியே உழைத்து வந்தார். இருவரும் கைகோத்தனர். 1999-ஆம் ஆண்டில் ஸ்வெயின் தாமே அக்குளிகையை விழுங்கிச் சோதித்தார். 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழ் இச்செய்தியை வெளியிட்டது. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதலும் கிடைத்தது. நம் நாட்டிலும் விரைவிலேயே இம்முறை கையாளப்பட்டது. ஐதராபாத்து ஆசிய இரைப்பை-குடலியல் நிலையத்தைச் சேர்ந்த நாகேஸ்வர ரெட்டி முதலிய மருத்துவர்கள், 2004-ஆம் ஆண்டிலேயே தங்கள் அனுபவத்தை ஆய்விதழில் எழுதினர்.

அக்குளிகையின் நீளம் 26 மில்லிமீட்டர். குறுக்களவு 11 மில்லிமீட்டர். எடை 4 கிராமுக்கும் குறைவு. அதனுள் காமிரா, சிறு விளக்குகள், மின்கலம், ஒலிபரப்பி ஆகிய நான்கும் அடங்கியுள்ளன. இரவு முழுவதும் பட்டினி இருந்து, காலையில் தண்ணீருடன் அதனை விழுங்க வேண்டும். இரும்பு மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் குடற்சுவரில் கருமை படிந்து காட்சியை மறைக்கும். வயிற்றின் மேல் ஒட்டிய உணர்விகள் படங்களை ஏற்று, இடுப்பில் கட்டிய பதிவுக் கருவிக்கு அனுப்புகின்றன. தொடக்ககாலக் குளிகைகள் வினாடிக்கு இரண்டு படம் எடுத்தன. எட்டு மணி நேரத்தில் 57,600 படங்கள்! அத்தனையையும் மருத்துவர் பொறுமையுடன் பார்த்தாக வேண்டும். குளிகையோ, தன் பணி முடிந்ததும் மலத்துடன் தானே வெளியேறிவிடுகிறது.

இனி, இதன் எல்லைகளையும் கூறுவது என் கடமை. முதலாவது, இக்குளிகைக்குக் கண் உண்டு, கை இல்லை. புண்ணைக் காட்டும்; அதிலிருந்து திசுவை எடுக்காது, இரத்தத்தையும் நிறுத்தாது. அவ்வேலைகளுக்கு, ஜப்பானிய மருத்துவர் யாமமோட்டோ உருவாக்கிய இரட்டைப் பலூன் குழாய் போன்ற கருவிகளோ, அறுவைச் சிகிச்சையோ வேண்டும். குளிகை அவற்றுக்கு இடம் சொல்லும் தூதன்.

இரண்டாவது, எல்லா முறையும் அது விடை தருவதில்லை. காரணம் புலப்படாத இரத்தப்போக்குடையவர்களில் நூற்றுக்கு அறுபது பேரளவில்தான் குறை தென்படுகிறது. கசிவு விட்டுவிட்டு நிகழ்வது. ஆகவே காலம் தாழ்த்தினால் தடயம் மறையும். இரத்தப்போக்குக் கண்ணுக்குத் தெரிந்தால், இயன்றவரை இரண்டு நாட்களுக்குள், தவறினால் இரண்டு வாரங்களுக்குள் இச்சோதனையைச் செய்வது நலம்.

மூன்றாவது, குடலில் குறுகலான இடம் இருந்தால் குளிகை அங்கே சிக்கிக்கொள்ளும். நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இவ்வாறு நேர்கிறது. குடற் காசநோய் நம் நாட்டில் அரிதன்று. அது குடலைச் சுருக்கிவிடும் இயல்புடையது. ஆதலால், உண்டபின் வயிறு முறுக்கி வலிப்பவர்களும், முன்பு காசநோய் கண்டவர்களும், வயிற்றில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களும் அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும். குளிகை வெளியேறியது உறுதியாகும்வரை, காந்த அதிர்வுப் படமாகிய எம். ஆர். ஐ. பரிசோதனைக்கு உட்படலாகாது.

நம் கோபர்கைரனேப் பெரியவரின் செய்தி என்னவாயிற்று? அவர் குளிகையை விழுங்குகிறார். சிறுகுடலின் நடுப்பகுதியில் சிறு புண்கள் சில தென்படுகின்றன. அப்போதுதான் மருத்துவர், "ஐயா, வேறு ஏதேனும் மாத்திரை உட்கொள்கிறீர்களா?" என்று மீண்டும் வினவுகிறார். முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் தாமே வாங்கி, ஈராண்டாக நாள்தோறும் விழுங்கிவந்த வலி மாத்திரையை அவர் முன்பு ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. "அது மருந்தா, டாக்டர்? வலிக்குத்தானே?" என்கிறார். அம்மாத்திரையை நிறுத்துகிறார்கள், முழங்காலுக்கு வேறு வழி காண்கிறார்கள். வரவும் செலவும் நேராகின்றன. எல்லாருக்கும் காரணம் இதுவாக இராது. முதியவர்களுக்குப் பெரும்பாலும் விரிந்து நலிந்த நுண் இரத்தக் குழாய்களும், சிலருக்குக் கட்டியும், இளைஞர்களுக்குப் பிறவியிலேயே அமைந்த குடற்பையும் காரணமாகலாம். அதனாற்றான் தேடிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

ஆகவே, நேயர்களே, சிலவற்றை நினைவில் வையுங்கள். சோகை என்பது நோயின் பெயரன்று. நோய் ஒன்று எங்கோ இருக்கிறது என்னும் அறிவிப்பு. இரும்பு மாத்திரையால் நிறம் திரும்பினாலும், காரணத்தைக் கேளுங்கள். மலம் தார்போல் கறுத்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்குமாதலால், அதை உட்கொள்வதையும் அவரிடம் சொல்லுங்கள். மிகுதியாக இரத்தம் போனாலோ, மயக்கம் வந்தாலோ, எந்தக் குளிகைக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரியை அடையுங்கள். மருத்துவரிடம் போகும்போது, வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும், கடையில் தாமே வாங்கியவை உட்பட, ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

இருட்டினுள் சென்று பார்க்கும் கண்ணை விஞ்ஞானம் நமக்குத் தந்துவிட்டது. ஆயினும், "வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை" என்று நாமே கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கண்ணால் பயன் இல்லை. அந்த மகளைப்போல் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால், பல முதியவர்களின் மூச்சு சீராகும்.