கை உள்ளே போக வேண்டிய அவசியம் என்ன?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றி இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். அதுவும் சாப்பாட்டுக்கு முந்தின இருபது நிமிஷம்! பாதுகாப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே கொட்டாவி வரும் என்பது எனக்குத் தெரியும். மார்ச் 4-ஆம் தேதி கொடி ஏற்றி, உறுதிமொழி எடுத்து, ஆளுக்கொரு லட்டு கொடுத்து முடித்துவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். நான் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. நான் கையெழுத்துப் போட்ட ஒரு தப்பான ரிப்போர்ட்டைப் பற்றி.

2013-இல் எனக்கு 24 வயது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். 50 டன் பவர் பிரஸ் ஒன்று. பழைய கீ கிளட்ச் ரகம். ஆபரேட்டர் இடது கையால் தகட்டுத் துண்டை டைக்குள் வைப்பார், காலால் பெடலை மிதிப்பார், பஞ்ச் இறங்கி ஏறும், கையை விட்டுப் பீஸை எடுப்பார். ஒரு ஷிஃப்டுக்கு 3,000 பீஸ். ஒருநாள் இரவு ஷிஃப்டில், ஒரு தம்பி அந்த மெஷினில் இரண்டு விரல்களை இழந்தார். அவருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. "நான் பெடலை மிதிக்கவே இல்லை சார்" என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் நம்பவில்லை. தூக்கக் கலக்கத்தில் மிதித்திருப்பார் என்று நினைத்தேன். விபத்து ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்து என்ன செய்தோம்? எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். மெஷின் மேல் 'கவனம் தேவை' என்று சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டினோம். எல்லோருக்கும் கையுறை வாங்கிக் கொடுத்தோம். கையுறை போட்டால் மெல்லிய தகட்டை எடுக்க வராது. விரல் இன்னும் கொஞ்ச நேரம் டைக்குள்ளேயே தடவிக்கொண்டிருக்கும். இது யாருக்கும் தோன்றவில்லை. (ட்ரில்லிங் மெஷினில் கையுறையே ஆபத்து. சுற்றும் ட்ரில் அதைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுத்துவிடும். நம் பட்டறை வகுப்பில் வாட்ச், மோதிரம், முழுக்கைச் சட்டை என்று திட்டு வாங்கியவர்களுக்கு இது நினைவிருக்கும்.)

மூன்றாம் நாள் டை மாற்றி ட்ரையல் பார்த்துக்கொண்டிருந்தோம். பெடலை ஒரு தடவைதான் மிதித்தோம். பஞ்ச் இறங்கி ஏறி, யாரும் தொடாமலே இன்னொரு தடவை இறங்கியது. நல்லவேளை, யார் கையும் உள்ளே இல்லை. ஃபிட்டர் அண்ணன் கிளட்ச்சைப் பிரித்து, உடைந்த ஒரு ஸ்பிரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. கீயை விலக்கும் அமைப்பைச் சேர்ந்த ஸ்பிரிங் அது. அது உடைந்தால், கிளட்ச் ஃப்ளைவீலோடு சேர்ந்தே இருக்கும். பிரஸ் தானாக இரண்டாவது ஸ்ட்ரோக் அடிக்கும். அந்தத் தம்பி சொன்னது உண்மை.

ரிப்போர்ட் அதற்குள் போய்விட்டது. திருத்தி எழுதியிருக்கலாம். மேலே இருந்தவர், "போனது போகட்டும், விடுப்பா" என்றார், நானும் விட்டுவிட்டேன். ஈ.எஸ்.ஐ.யில் அவருக்கு வரவேண்டியது வந்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று நான் எழுதியதாலேயே, மூன்று நாள் அந்த மெஷின் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மூன்று நாளும் அதில் ஆள் உட்கார்ந்து ஓட்டினார்கள், ஷிஃப்டுக்கு 3,000 தடவை கையை உள்ளே விட்டு.

இந்த 3,000 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'கவனமாக இரு' என்றால், 3,000 தடவையும் தவறக்கூடாது என்று அர்த்தம். அதிகாலை மூன்று மணிக்கும், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கும் நாளிலும். நம்மில் யாராவது ஒரு பரீட்சையில் 3,000 கேள்விக்கு 3,000 சரியாக எழுதியிருக்கிறோமா? நான் அரியர் வைத்தவன், எனக்குக் கேட்க உரிமை உண்டு.

பாதுகாப்புத் துறையில் இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். முடியாவிட்டால், அதைவிட ஆபத்துக் குறைந்ததை அந்த இடத்தில் வைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் தடுப்பு, காவல் போன்ற பொறியியல் வழிகள். அதற்கும் கீழேதான் போர்டு, பயிற்சி, விதிமுறை. கடைசியில்தான் கையுறை, தலைக்கவசம். 2018-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 45001 தரத்திலும் இதே வரிசைதான். நாங்கள் ஏணியின் கடைசி இரண்டு படியில் நின்றுகொண்டு வேலை முடிந்தது என்று நினைத்தோம். ஏன்? அவை மலிவு, ஒரே நாளில் வாங்கலாம், ஆடிட்டில் காட்டலாம்.

எங்களைக் காப்பாற்றியவர் டூல் ரூமில் இருந்த ஒரு பெரியவர். ஏழாவது வரை படித்தவர். ஒரே கேள்வி கேட்டார்: "கை உள்ளே போக வேண்டிய அவசியம் என்ன தம்பி?" இன்ஜினீயர்கள் நான்கு பேருக்கும் பதில் தெரியவில்லை. துண்டு துண்டாக வெட்டிய தகட்டுக்குப் பதிலாக நீளமான பட்டையை வெளியிலிருந்தே தள்ளுகிற மாதிரி டையை மாற்றினார். பீஸ் கீழே தானாக விழுந்துவிடும். சுற்றிலும் நிரந்தரக் காவல். பட்டை நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி மட்டும். அதில் விரல் போகாது. இனி ஸ்பிரிங் உடைந்தாலும், பஞ்ச் இரண்டு தடவை இறங்கினால் கெடுவது ஒரு பீஸ்தான்.

நடுவில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு விற்பனையாளர் வந்து, ஒளித்திரை மாட்டுங்கள், கை குறுக்கே வந்தால் மெஷின் நின்றுவிடும் என்றார். வாங்கியே இருப்போம். ஆனால் கீ கிளட்ச் ஒரு தடவை பிடித்துவிட்டால் முழுச் சுற்று முடியாமல் விடாது. நடு வழியில் நிறுத்தவே முடியாது. ஃப்ரிக்ஷன் கிளட்ச் பிரஸ்ஸுக்குத்தான் ஒளித்திரை பொருந்தும். லட்சக்கணக்கில் செலவு செய்து ஓர் அலங்கார விளக்கு மாட்டியிருப்போம். இரண்டு கை பட்டன் யோசனையும் வந்தது. அதில் ஒரு பட்டனை மரத்துண்டு வைத்து அழுத்திவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவதை வேறு பட்டறையில் நானே பார்த்திருக்கிறேன். அவரைத் திட்டி என்ன பயன்? பீஸுக்கு இத்தனை காசு என்று கூலி வைத்தது யார்?

பெரிய ஆலைகளுக்கும் இதே வரிசைதான். போபாலில் 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு கசிந்தது சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட். தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் ரிப்பேரில் இருந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் அது விற்பனைக்கான சரக்கே இல்லை, பூச்சிமருந்து செய்யும் வழியில் உருவாகும் இடைப்பொருள். அதை அத்தனை டன் சேர்த்து வைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி மேல் படியில் இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ட்ரெவர் க்ளெட்ஸ் என்ற ரசாயனப் பொறியாளர், கைவசம் இல்லாத பொருள் கசியாது என்ற பொருளில் தலைப்பிட்டு 1978-இலேயே கட்டுரை எழுதினார். போபாலுக்கு ஆறு வருடம் முன்னால்.

நம் ஊர்ப் பக்கத்து உதாரணம் தீப்பெட்டி. ஒரு காலத்தில் வெள்ளை பாஸ்பரஸ் குச்சி செய்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1913-இல் இந்தியாவில் அந்தக் குச்சியையே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். இன்று நாம் உரசும் பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். பொருளை மாற்றியதும் அந்த நோய்க்கு வேலை இல்லாமல் போனது.

இன்று காலை சீக்கிரமே வந்து நம் பட்டறையைச் சுற்றிப் பார்த்தேன். நாங்கள் ஃபைலிங் செய்து கை காய்த்த அதே பெஞ்ச் அப்படியே இருக்கிறது, சந்தோஷம். மூலையில் இருக்கும் கிரைண்டரில் கல் தேய்ந்து, கல்லுக்கும் டூல் ரெஸ்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது; இருந்தால் வேலைப்பொருள் உள்ளே சிக்கிக் கல் உடைந்து சிதறும். பின்னால் சுவரில் 'கண்ணாடி அணியவும்' என்ற போர்டு புது பெயிண்டில் பளபளவென்று இருக்கிறது.

டூல் ரெஸ்ட்டை நகர்த்த ஒரு ஸ்பேனர் போதும், ஐந்து நிமிஷ வேலை. பட்டறைப் பொறுப்பாளரிடம் சாவி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் இரண்டு பேர் என்னோடு வாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் கை வைப்போம்.