தூசியும் மெருகும்



மாசி மாதம் பிறந்ததும் தலைநகர் தில்லியில் குளிர் மெல்ல விடைபெறத் தொடங்கும். கம்பளி ஆடைகளை மடித்துப் பெட்டியில் வைக்கும் அந்நாட்களில்தான், இரவில் வாயிலில் நிறுத்திய மோட்டார் வண்டி விடியற்காலையில் வெளிறிய மஞ்சள் பொடி பூசி நிற்பதைக் காண்கிறோம். அப்பொடி மகரந்தம். இங்குள்ளோர் பாப்ரி என்று வழங்கும் மரம், இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பூத்துக் காற்றிலே தூவுவது அது. சித்திரையில் வேம்பு தன் சிறு பூக்களைச் சொரியும். அதன்பின் மேற்கிலிருந்து ‘ஆந்தி’ என்னும் புழுதிக்காற்று ராஜஸ்தானத்து மண்ணைச் சுமந்து வரும். தில்லியின் குன்றுத்தொடரில் மண்டிக் கிடக்கும் ‘விலாயதி கீக்கர்’ என்பதோ நம் இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமேயன்றி வேறன்று. நாம் ஊரை விட்டு வந்தோம். அது நமக்கு முன்பே இங்கு வந்து காத்திருக்கிறது!

இவ்வாறு படியும் மெல்லிய தூசியைப் போக்குவது எப்படி? ‘துணியை எடுத்து ஒரு துடை துடைத்தால் போயிற்று, இதற்கொரு பேச்சா?’ என்று நேயர்கள் எண்ணக்கூடும். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

நம்மவர் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்து பழகியவர்கள். தேய்த்தால் பளபளப்பு வரும் என்பது நமக்குப் பரம்பரையாக வந்த அறிவு. பித்தளைக்கு அது பொருந்தும். ஏனெனில் அது உள்ளும் புறமும் ஒரே உலோகம். வண்டியின் நிலை வேறு. இக்காலத்து வண்டிகளில் நிறப் பூச்சின் மேல் நிறமற்ற மேற்பூச்சு ஒன்று உண்டு. நம் கண்ணைக் கவரும் மினுமினுப்பெல்லாம் அதனுடையதே. அதன் தடிப்பு ஏறக்குறைய 40 மைக்ரான். அதாவது, சாதாரண எழுதுதாளின் தடிப்பில் பாதிகூட இல்லை. தேய்க்கத் தேய்க்கக் குறைவதன்றி அது வளர்வதில்லை.

இனித் தூசியைப் பார்ப்போம். புழுதியில் பெரும்பங்கு நுண்மணல். மணலில் இருப்பது குவார்ட்ஸ் என்னும் கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்திய மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் அளவுகோலில் குவார்ட்ஸ் பெறும் இடம் 7. சாதாரண எஃகுக் கத்தியோ ஐந்தரையின் அருகில்தான் நிற்கிறது. ஆகவே, உலர்ந்த துணியால் புழுதியைத் துடைப்பவர், கத்தியினும் கடிய பொடியை மென்மையான பூச்சின்மேல் வைத்து அரைப்பவராகிறார். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் அன்றோ? ஓராண்டு கழித்து வெயிலில் நிறுத்திப் பார்த்தால், சிலந்தி வலை போன்ற வட்ட வட்டக் கீறல்கள் கண்ணுக்குப் புலனாகும்.

மகரந்தத்தின் தீமை வேறு வகை. அதன் புறத்தோல் மிகவும் உறுதியானது. பனித்துளி பட்டதும் சில மணிகள் ஊறி வெடித்து, உள்ளிருக்கும் பொருள்களைக் கசியவிடும். பகல் வெயிலில் அது பிசின்போல் உலர்ந்து பூச்சில் கறையாக நிலைத்துவிடும். எனவே, புழுதியை அவசரப்பட்டுத் தேய்த்தலும் தவறு. மகரந்தத்தை நாட்கணக்கில் விட்டுவைத்தலும் தவறு.

எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். விடியற்காலையில் இளைஞர் ஒருவர் வந்து, இருபது வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போவார். கருநிற வண்டி வைத்திருந்த அன்பர் ஒருவர், தம் வண்டியெங்கும் வட்டக் கீறல்களைக் கண்டு வெகுண்டு, அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்றார். என் வண்டியிலும் கீறல்கள் இருந்தமையால் நானும் தலையசைத்தேன். அவ்விளைஞரை அழைத்துக் கேட்டபோது அவர் அமைதியாகச் சொன்னார்: “பாபுஜி, இருபது வண்டிக்கும் எனக்கு ஒரு வாளி, ஒரு துணி. குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் நான் முடித்தாக வேண்டும். நான் வேறு என்ன செய்வேன்?” முதல் வண்டியின் மணல் இருபதாவது வண்டி வரை அந்த ஒரே வாளியில் பயணம் செய்திருக்கிறது! அத்துணியும் என் வீட்டில் கிழிந்துபோன பழைய வேட்டியே என்பதை அறிந்தபோது நான் தலைகுனிந்தேன். குற்றம் அவருடையதன்று; கருவி கொடாமல் வேலை வாங்கிய எங்களுடையது.

கண்ணில் தூசி விழுந்தால் குழந்தைக்கு என்ன சொல்கிறோம்? ‘கசக்காதே, தண்ணீர் விட்டுக் கழுவு’ என்கிறோம். வண்டிக்கும் அதுவே விதி. முதலில் தூசி நீரில் மிதந்து நீங்க வேண்டும். அதன் பின்னரே துணி தீண்ட வேண்டும்.

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியை நிழலில் நிறுத்தி, அதன் மேற்பரப்பு குளிரும்வரை பொறுத்திருங்கள். செடிக்கு நீர் தெளிக்கும் பூவாளியால் கூரையிலிருந்து கீழ்நோக்கி நீர் வாருங்கள். பின்னர் இரண்டு வாளிகளை வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் வண்டிக்கென்றே விற்கும் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலசுவதற்கான வெறும் நீர். பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டா. அது மெழுகுப் பூச்சையும் சேர்த்துக் கரைத்துவிடும். மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, அழுத்தாமல், வட்டமிடாமல், நேர்க்கோட்டில் மேலிருந்து கீழே இழுங்கள். ஒரு மடிப்பு அழுக்கானதும் அடுத்த மடிப்பைத் திருப்புங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி. தரையில் விழுந்த துணியை நன்கு துவைக்காமல் மீண்டும் தொடவே கூடாது. முடிவில் வெறும் நீரால் அலசி, உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் தானே உலர்ந்தால் வெண்புள்ளிகள் படியும்.

சாய்ந்த வெளிச்சத்தில் மட்டுமே தெரியுமளவு தூசி மெல்லியதாயின் இத்தனையும் தேவையில்லை. அலசத் தேவையில்லாத வழவழப்பான கழுவுநீர் இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதைத் தாராளமாகத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, மேற்சொன்னவாறே துடைத்தால் போதும். நிறத்தையே மறைக்குமளவு புழுதி படிந்திருந்தால் அது மெல்லிய தூசியன்று. அதற்கு நீர்தான் மருந்து. மகரந்தக் கறை காய்ந்திருந்தால், ஈரத்துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டு வையுங்கள், சுரண்டாதீர்கள். புழுதி படிந்த வண்டியின்மேல் உறை போர்த்துவதும் தேய்ப்பதற்கு நிகரே. உலர்ந்த கண்ணாடியில் துடைப்பானை ஓட்டுவதும் அப்படியே.

தண்ணீருக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், குழாய் நீரைப் பீய்ச்சி வண்டி கழுவுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று தில்லி அரசு ஆணையிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் பெங்களூரில், குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் என்றனர். நான் கூறிய முறைக்கு ஒரு பூவாளியும் இரண்டு வாளியும் போதும். 40 லிட்டரைத் தாண்டாது. குழாயைத் திறந்துவிட்டால் சில நிமிடங்களில் அதைப் போல் பலமடங்கு சாக்கடையில் ஓடிவிடும். அலசிய நீரையும் தெளியவைத்து வாயிற்படி கழுவப் பயன்படுத்தலாம்.

எங்கள் குடியிருப்பில் பின்னர் நடந்தது இது: வீட்டுக்கு இரண்டு துணிகள் என்று கொடுத்தோம், வாளிகள் வாங்கினோம், நாள்தோறும் துடைப்பதை விட்டு, வாரம் இருமுறை முறையாகக் கழுவினால் போதும், கூலி குறையாது என்று சொன்னோம். அவ்விளைஞர் இன்றும் வருகிறார். பழைய கீறல்கள் மறையவில்லை; புதியவை தோன்றவில்லை. கருநிற வண்டிக்காரர் தம் வண்டித் துணிகளைத் தாமே துவைத்து வெயிலில் உலர்த்தி அவர் கையில் கொடுக்கிறார்.

நாளைக் காலை வண்டியின்மேல் மஞ்சள் பொடியைக் கண்டு கை துணியைத் தேடும்போது, கண்ணில் விழுந்த தூசியை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.