செப்சிசும் ஒழுங்காற்று உயிரணுக்களும்: ஒரு சொல்லாய்வு



மொழி மேடையில் மருத்துவம் எதற்கு என அவையோர் வினவலாம். நோய்க்கு மருந்து கூறுவது நம் பணியன்று. ஒரு நோயைத் தமிழில் சொல்லும்போது நம் பெயரும் வினையும் என்ன செய்கின்றன என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டது.

'புண் செப்டிக் ஆகிவிட்டது' என்று நம் வீடுகளில் சொல்கிறோம். சீழ் வைத்துவிட்டது என்பதே அங்குப் பொருள். 'செப்சிஸ்' என்ற மருத்துவச் சொல்லும் அதே கிரேக்க வேரினது; அழுகல் என்பது அதன் பழம்பொருள். இன்றோ அச்சொல் அழுகலையும் குறிப்பதில்லை, புண்ணையும் குறிப்பதில்லை. 2016ஆம் ஆண்டுப் பன்னாட்டு வரையறைப்படி, தொற்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை ஒழுங்கு தவறி, உயிருக்கு ஊறு விளையும் அளவுக்கு உறுப்புகள் செயலிழத்தலே செப்சிஸ். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் அந்நோயோடு தொடர்புடைய இறப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் என மதிப்பிட்டுள்ளனர்.

இதனை 'இரத்தத்தில் நஞ்சு கலத்தல்' எனத் தமிழில் சொல்வதுண்டு. மலாயில் 'கெராச்சூனான் டாரா' என்பதும் அதே பொருளுடையது. ஆங்கிலப் பேச்சு வழக்கிலும் இத்தகைய தொடர் நெடுங்காலமாக உண்டு. எளிய தொடர்தான், ஆனால் அதில் வினைமுதல் இடம் மாறிவிடுகிறது. நஞ்சு புறத்தே இருந்து வருவது. எனவே அதை வெளியேற்றினால் நோய் தீரவேண்டும். கிருமிக்கொல்லி மருந்து கிருமியை ஒழித்த பின்னும் தந்தையார் கண் விழிக்கவில்லையே, ஏன்? தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் குடும்பத்தாரின் இவ்வினாவுக்கு 'நஞ்சு' என்ற பெயரில் விடையில்லை. மருந்தின் மீதோ மருத்துவர் மீதோ ஐயம் கொள்வதற்கே அது வழிவிடுகிறது. ஆகவே 'செப்சிஸ்' என்றே வைத்துக்கொண்டு, 'தொற்றினால் உடலின் தற்காப்பு நிலைகுலைதல்' என விளக்கம் சேர்ப்பதையே நாம் விரும்புகிறோம். தனித்தமிழ் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

தற்காப்பு நிலைகுலையும் என்றால், நிலைநிறுத்துவது எது? அதற்கென உள்ளவற்றுள் ஒன்று, தைமஸ் சுரப்பியின் முதலெழுத்தைப் பெயரில் தாங்கிய டி உயிரணுக்களுள் ஒரு சிறு வகை. 1970களில் அத்தகைய உயிரணுக்களை 'அடக்கும் டி உயிரணுக்கள்' என்றனர். 1980களில் அவற்றுக்குரியதெனக் கருதப்பட்ட மரபணு, எலியில் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை எனத் தெரியவந்தது. துறையே மதிப்பிழந்தது, பெயரைச் சொல்லவே ஆய்வாளர் தயங்கினர். 1995இல் சப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சி, சிடி25 என்னும் அடையாளம் தாங்கிய டி உயிரணுக்களை நீக்கினால் எலியின் தற்காப்பு அதன் உடலையே தாக்குவதையும், அவற்றைத் திரும்பச் செலுத்தினால் அது தடுக்கப்படுவதையும் காட்டினார். பின்னர் அவை வேறொரு பெயரில் நிலைபெற்றன: ஒழுங்காற்று டி உயிரணுக்கள். மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பழம்பெயரை நாம் மீட்க வேண்டியதில்லை. 'அடங்கு' தன்வினை, 'அடக்கு' பிறவினை. அடக்குதலில் வலியவர் ஒருவரும் பணிபவர் ஒருவரும் உளர், அளவு என்பதில்லை. 'ஒழுங்காற்று' என்பதிலோ மிகையையும் குறையையும் ஒருசேரத் தவிர்க்கும் குறிப்பு உண்டு. இங்கு 'ஆற்று' என்பது கடமையாற்றுதலில் வரும் 'செய்' என்னும் பொருளது. எனினும் புண்ணை ஆற்றுதல், சினத்தை ஆற்றுதல் என்பனவும் தமிழ்ச் செவியில் உடன் ஒலிக்கும். அதுவும் பொருத்தமே: காயமுற்ற திசு சீராவதற்கும் இவ்வுயிரணுக்கள் துணைசெய்கின்றன.

இனி, நாம் பெரிதும் கருதும் இடம். செப்சிஸ் நோயாளரின் குருதியில் ஒழுங்காற்று உயிரணுக்கள் 'மிகுகின்றன' என்று எழுதப்படுகிறது. 2003இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, அவை வெகுவாக உயர்வதாகவே கூறிற்று. மறு ஆண்டே அக்குழுவினர் மற்றொரு கட்டுரை தந்தனர். அதன் தலைப்பில், உயர்ந்தது விழுக்காடு. அதற்குக் காரணம் மற்ற உயிரணுக்கள் குறைந்தமை.

கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, உதவி செய்யும் வகை டி உயிரணுக்கள் நூறு எனக் கொள்வோம். அவற்றுள் ஒழுங்காற்றுவன 6. நோயின் கடுமையில் பிற உயிரணுக்கள் கூட்டமாக மடிய, மொத்தம் 40 ஆகிறது. ஒழுங்காற்றுவன மடிவது குறைவு. அதே 6 எஞ்சுகின்றன. விழுக்காடு 6இலிருந்து 15 ஆகிவிட்டது. ஓர் உயிரணுவும் கூடவில்லை. ஊரார் பலர் வெளியேறிய பின் காவலர் பெருகிவிட்டனர் என்பதுபோல் இருக்கிறது இது. 'மிகுகின்றன' என்னும் வினை எண்ணிக்கையையும் சொல்லும், பங்கையும் சொல்லும். பெயர்ப்போர் 'விழுக்காடு உயர்கிறது' எனப் பிரித்தே எழுதுதல் வேண்டும்.

வினைச்சொல்லுக்கு ஏற்ப மருத்துவமும் மாறும். 'மிகுகின்றன' எனின், அவற்றை அழிக்கத் தோன்றும். எலிகளில் அதையும் செய்து பார்த்தனர். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் அவற்றைக் குறைத்தும் இறப்பு மாறவில்லை. அதற்கு முந்திய ஆண்டில், ஆய்வகத்தில் தூண்டிய ஒழுங்காற்று உயிரணுக்களைச் செலுத்தப்பெற்ற எலிகள் கூடுதலாகப் பிழைத்தன. தொடக்கத்தில் எரியும் அழற்சியைத் தணிப்பதும் இவையே. பின்னாளில் தற்காப்பு சோர்ந்து, பூஞ்சையும் உறங்கிக்கிடந்த வைரசும் தலைதூக்கும்போது தடையாகக் கருதப்படுவதும் இவையே. இவ்விரு நிலைகளும் ஒரே நோயாளியிடம் ஒருங்கே இருத்தலும் உண்டு.

'மற்றவை மடிகின்றன' எனின், மடிபவற்றைப் பெருக்கத் தோன்றும். இன்டர்லியூக்கின்-7 என்னும் புரதம் அவ்வழியில் வந்தது. அதனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒழுங்காற்று உயிரணுக்களில் குறைவாதலின், பெருகுவன பெரும்பாலும் மற்றவையே. 2018இல் வெளியான, 27 நோயாளர் மட்டுமே பங்குகொண்ட ஆய்வில், நிணநீர் உயிரணுக்களின் எண்ணிக்கை மூன்று நான்கு மடங்கு உயர்ந்தது. இங்கு உயர்ந்தது விழுக்காடன்று, எண்ணிக்கை. உயிர்காக்கும் பயனைத் தீர்மானிக்கும் அளவுக்கு அது பெரிய ஆய்வன்று.