பட்டறையில் காற்றுக் குழாய்



வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் கடைகளில், இரும்பு உருளையொன்றின்மேல் மோட்டார் கடகடத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்ரஸர் எனப்படும் அக்கருவி இன்று வீட்டுப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. வர்ணம் தெளிக்கவும் திருகாணி முடுக்கவும் இளைஞர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். ஒரே ரப்பர்க் குழாயை அறை முழுவதும் இழுத்துத் திரிவது தொல்லையாதலால், சுவரோடு நிலையான குழாய் அமைத்து, வேண்டுமிடங்களில் கிளைவிட விரும்புகின்றனர். இது புதுமையன்று. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1871ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மோன் செனி சுரங்கத்தில், 1861 முதலே துளைக்கருவிகளுக்கு வேண்டிய அழுத்தக் காற்று வெளியிலிருந்து குழாய்வழியே சென்றது.

தண்ணீர்க் குழாய் போடத் தெரிந்தவர்க்கு இது எளிய வேலைதானே என்று பலரும் எண்ணுகின்றனர். ஆபத்து அந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது. தண்ணீர் அழுத்தத்தால் அதிகம் சுருங்குவதில்லை. குழாய் பிளந்தால் சிறிது பீறிட்டு, உடனே வேகம் தணிந்துவிடும். காற்றோ இறுகச் சுருட்டி வைத்த வில்லுக்கு ஒப்பானது. பாயில் விதியை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம் அழுத்தத்தில், எட்டு மடங்குக் காற்று ஒரு மடங்கு இடத்தில் அடைபட்டிருக்கிறது. பி.வி.சி. குழாய் உடைந்தால் அவ்வளவும் ஒரே கணத்தில் விரிந்து, கூரிய சில்லுகளை அறையெங்கும் வீசும். குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கு உரியது, காற்றுக்கு அன்று. வெப்பமும் கம்ப்ரஸரின் எண்ணெய்ப் பசையும் அதனை மேலும் நலிவிக்கும். முதல் நாளில் உடையாமல், ஓராண்டு உழைத்து நம்பிக்கை ஊட்டியபின் உடைவதும் உண்டு. தரைக்கு மேலே செல்லும் அழுத்தக் காற்றுக்கு இக்குழாயைப் பயன்படுத்தலாகாது என அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 1988இல் எச்சரித்தது. விலை மலிவு என்பது உண்மையே. அதைக் கண்ணின் விலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். செம்பு, இரும்பு, அல்லது இதற்கென்றே செய்யப்பட்ட அலுமினியக் குழாய் ஏற்றது.

அடுத்தது ஈரம். கடலோர ஊரொன்றில் வெப்பம் 30 பாகை, ஈரப்பதம் நூற்றுக்கு 75 எனக் கொள்வோம். எட்டுக் கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 180 கிராம் நீராவி இருக்கும். அதை ஒரு கன மீட்டராக அழுத்தி, பழைய வெப்பநிலைக்கு ஆறவிட்டால், 30 கிராம் அளவே ஆவியாக நிற்கும். மற்ற 150 கிராமும், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர், தொட்டியிலும் குழாயிலும் இறங்கிவிடும். வர்ணம் கொப்புளிப்பதும் கருவிகள் துருப்பிடிப்பதும் இதனால்தான்.

எனவே தலைமைக் குழாயைக் கம்ப்ரஸரிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் தாழ்த்திக்கொண்டு போகவேண்டும். கிளைகளைக் குழாயின் அடிப்புறத்திலிருந்து எடுக்கலாகாது. மேற்புறத்தில் எடுத்து, வளைத்துக் கீழே இறக்கவேண்டும். அப்பொழுது அடியில் ஓடும் நீர் கிளைக்குள் புகாது. ஒவ்வொரு கிளையையும் கருவி மாட்டும் வாய்க்குக் கீழே ஒரு சாண் நீட்டி, முனையில் வடிகால் திருகு வைத்தால், எஞ்சிய நீரும் அங்கே தங்கும். கம்ப்ரஸர் அதிர்வதால், அதனையும் சுவர்க் குழாயையும் அழுத்தம் தாங்கும் குட்டையான ரப்பர்க் குழாயால் இணைத்தல் வேண்டும்.

வேலை முடிந்ததும் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி எழுமிடத்தில் கசிவு உண்டு. மூட்டை முறுக்குமுன் காற்றை முழுவதும் வெளியேற்றிவிடுக. தொட்டியின் அடித்திருகை நாள்தோறும் திறந்து நீரை வடித்துவிடுக. வடிக்காத தொட்டி உள்ளிருந்தே துருவேறி மெலியும், வெளியிலே வர்ணம் பளபளப்பாகவே இருக்கும்.