லீவ் போட்டா இன்ஷூரன்ஸ் போயிடும்

போன எபிசோட்ல அமெரிக்காவுக்கு எம்.எஸ். போறது, அட்மிஷன், லோன் எல்லாம் பேசினோம். நிறைய மெசேஜ் வந்துச்சு. ஆனா ஒரு கேள்வியை யாருமே கேட்கலை: படிச்சிட்டிருக்கும்போது பெரிய வியாதி வந்தா என்ன பண்றது? "வாயைக் கழுவு"ன்னு எங்க அம்மா சொல்வாங்க. பரவாயில்ல, பேசிடலாம்.

மிஷெல் மோர்ஸ்னு ஒரு பொண்ணு. நியூ ஹாம்ப்ஷயர்ல பிளிமத் ஸ்டேட் யுனிவர்சிட்டியில படிச்சவங்க. அவங்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய். டாக்டர்கள் படிப்பைக் குறைச்சுக்கோன்னு சொன்னாங்க. ஆனா அம்மா அப்பாவோட இன்ஷூரன்ஸ்ல தொடரணும்னா முழுநேர மாணவியா இருக்கணும். லீவ் போட்டா கவர் போயிடும். முழு பிரீமியத்தையும் கையிலிருந்து கட்டித் தொடர 'கோப்ரா'ன்னு ஒரு வழி உண்டு. அது அவங்க குடும்பத்துக்குத் தாங்காத செலவு. அதனால கீமோ எடுத்துக்கிட்டே முழுநேரமா படிச்சாங்க. 2005 மே மாசம் பட்டம் வாங்கினாங்க. அதே வருஷம் நவம்பர்ல இறந்துட்டாங்க. வயசு 22.

நம்ம பாஷையில சொன்னா, விதியை எழுதினவங்க இந்த எட்ஜ் கேஸை யோசிக்கவே இல்ல.

அவங்க அம்மா ஆன்மேரி விடலை. முதல்ல அந்த மாநிலத்துல சட்டம் வந்துச்சு. 2008 அக்டோபர்ல 'மிஷெல் சட்டம்' நாடு முழுக்க வந்துச்சு. டாக்டர் எழுதிக் கொடுத்தா, மருத்துவ விடுப்புல இருந்தாலும் பெற்றோர் பாலிசி ஒரு வருஷம் வரைக்கும் தொடரும். 2010 ஒபாமாகேர் வந்தப்புறம், படிச்சாலும் படிக்கலைன்னாலும் 26 வயசு வரைக்கும் பெற்றோர் பாலிசியில இருக்கலாம்.

சரி, இதுல நமக்கு என்ன? நம்ம அப்பா அம்மா பாலிசி இருக்கிறது சென்னையில. அங்க போற பலருக்கு இருக்கிறது யுனிவர்சிட்டி கொடுக்கிற பிளான் மட்டும்தான். அது என்ரோல்மென்ட்டோட ஒட்டிக்கிட்டிருக்கு.

என் காலேஜ் ரூம்மேட்டுக்கு ரெண்டாவது செமஸ்டர்ல லிம்ஃபோமா. டாக்டர் ரெஸ்ட் எடுன்னு சொல்லிட்டார். இவன் ராத்திரியோட ராத்திரியா எல்லா கோர்ஸையும் டிராப் பண்ண உட்கார்ந்துட்டான். போன்ல இருந்த ஒரு சீனியர் அக்காதான் கத்துனாங்க: "டேய், லேப்டாப்பை மூடு. முதல்ல டி.எஸ்.ஓ.கிட்ட போ!"

டி.எஸ்.ஓ.ன்னா விசா விஷயம் பார்க்கிற யுனிவர்சிட்டி அதிகாரி. எஃப்-1 விசாவுல உடம்பு சரியில்லைன்னா கோர்ஸைக் குறைக்கலாம், மொத்தமாவே நிறுத்தவும் அனுமதி கிடைக்கும். ஒரு டிகிரி லெவலுக்கு மொத்தம் 12 மாசம் வரைக்கும். டாக்டர் லெட்டர் வேணும். ஆனா டிராப் பண்றதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும். டிராப் பண்ணிட்டுப் போய் நின்னா ஸ்டேட்டஸே போயிடும்.

அனுமதி கிடைச்சிடுச்சு. ஆனா அவன் பிளான்ல எந்த கோர்ஸுமே இல்லைன்னா இன்ஷூரன்ஸ் நின்னுடும். அதனால ஒரே ஒரு கோர்ஸை வெச்சுக்கிட்டான். கீமோ முடிஞ்ச மூணாம் நாள் தொப்பி போட்டுக்கிட்டு கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்திருப்பான். மிஷெல் கதையை நான் படிச்சது அதுக்கப்புறம்தான். சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், இவன் அதே மாதிரிதான் கிளாஸுக்குப் போயிருக்கான். எனக்குக் கோபம் வந்துச்சு.

இப்ப நல்லா இருக்கான், வேலைக்குப் போறான். இந்த எபிசோட் போடப்போறேன்னு சொன்னதும் அவன் சொன்னது இது: பீஸ் கட்டறதுக்கு முன்னாடி, "மெடிக்கல் லீவ்ல போனா இந்த பிளான் எத்தனை நாள் ஓடும்?"னு யுனிவர்சிட்டிக்கு ஒரு மெயில் போடுங்க. பதிலை எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. போன்ல சொன்னாங்கன்னு விட்டுடாதீங்க.