கணினியும் ஒரு தொழில் கருவிதான்



பால் வெட்டும் கத்தியை எப்படிப் பேண வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முனை மழுங்கினால் பட்டை கிழியும். பட்டை கிழிந்தால் மரம் கெடும். மரம் கெட்டால் கூலி குறையும். ஆகவே நாள் தவறாமல் தீட்டி வைத்தார்கள் நம் பெரியவர்கள். இன்று நம் வீடுகளில் இன்னொரு கருவி வந்து அமர்ந்திருக்கிறது. அதுதான் கணினி. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல பிள்ளைகளுக்கு அதுவே வகுப்பறையாயிற்று. சீட்டுப் பிடித்தும் மிகைநேர வேலை செய்தும் வாங்கிய பொருள் அது. அதைக் காப்பது எப்படி?

முதலில் இடி மின்னல். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்கள் இடி முழங்குகிறது. தொலைவில் மின்னல் விழுந்தாலும் மின்கம்பி வழியாகத் திடீர் மின்னழுத்தம் வீட்டுக்குள் பாயக்கூடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மதியம் வானம் கறுக்கும்போதே கணினியை முறைப்படி நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இணையக் கம்பியையும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியைத் தொடாதீர்கள்.

அடுத்தது சூடு. மடிக்கணினியின் அடியிலும் பக்கத்திலும் காற்றுத் துளைகள் உண்டு. மெத்தையின் மீதும் தலையணையின் மீதும் வைத்தால் அவை அடைபடும். உள்ளே வெப்பம் ஏறும். மேசையோ பலகையோ போதும். வாரம் ஒருமுறை, அணைத்த பிறகு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

மூன்றாவது ஈரமும் எறும்பும். கணினியின் அருகில் காப்பியும் பிஸ்கட்டும் வைத்தால், சிந்துவதைத் தேடி எறும்பு வரும். எறும்பைத் தேடிப் பல்லி வரும். தண்ணீர் சிந்திவிட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். ‘வேலை செய்கிறதா, பார்ப்போம்’ என்று மீண்டும் தட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால்தான் பெருங்கேடு. பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். ஆயுதபூசையன்று சந்தனமும் குங்குமமும் இடுவோர் மேல்மூடியில் இடட்டும். விசைகளின் மேல் வேண்டாம். பூசை ஆண்டுக்கு ஒரு நாள், பராமரிப்பு அன்றாடம்.

நான்காவதுதான் மிக முக்கியம். 2021 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கணினி தரையில் இருந்தது; மூழ்கிப் போயிற்று. அதற்குள் அவர்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் படங்கள் இருந்தன: லயம், கோயில் திருவிழா, பால் வாளியோடு நிற்கும் பாட்டி. அந்தத் தோட்டம் இன்று இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பிராங் பெசார் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்பதை நீங்கள் அறிவீர்கள். இல்லாத தோட்டத்தை மறுபடி எப்படிப் படம் பிடிப்பது? நல்லவேளையாக, திருமணமாகிக் காஜாங்குக்குப் போன மகள் பாதிப் படங்களை நகலெடுத்து வைத்திருந்தாள். அந்தப் பாதி மட்டும் மிஞ்சியது.

ஆகவே, மாதம் ஒருமுறை முக்கியமானவற்றை விரலியிலோ வெளி வட்டிலோ நகலெடுங்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள். இன்னொரு நகலை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கணினி போனால் வாங்கலாம். பாட்டியின் படத்தை வாங்க முடியாது.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாத கிருமி. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பீன்ஸிலிருந்து கிளம்பிய ஒரு வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்தது. திறந்தவர்களின் படக்கோப்புகளை அழித்தது. அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. தெரிந்தவர் பெயரில் வந்தாலும், எதிர்பாராத இணைப்பு என்றால் அவரைக் கேட்ட பிறகே திறக்க வேண்டும் என்பது அன்று உலகம் கற்ற பாடம். கணினி கேட்கும் புதுப்பிப்பையும் தள்ளிப் போடாதீர்கள். பழைய கணினி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. அதற்கு மேற்பட்ட பதிப்பு அதில் ஓடுமா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

தாய்மார்களே, ‘எனக்குக் கணினி தெரியாது’ என்று ஒதுங்க வேண்டாம். பிளக்கைக் கழற்றவும், தூசி தட்டவும், ‘நகல் எடுத்தாயா?’ என்று பிள்ளையைக் கேட்கவும் படிப்பு வேண்டியதில்லை. இன்று இரவே எழுந்து பாருங்கள்: உங்கள் வீட்டுக் கணினி தரையில் இருக்கிறதா? இருந்தால், அதை மேசை மேல் தூக்கி வைப்பதிலிருந்து தொடங்குங்கள்.